அனியூரிசம் வெடிச்ச 6ஆம் நாள், சோடியம் 128, யூரின் 4.6 லிட்டர்: தண்ணியைக் குறைக்கணுமா, கூட்டணுமா?

பிஜி_அனஸ்தீசியா:

வணக்கம். ஒரே நோயாளிக்கு மூணு டீம் மூணு விதமா எழுதி வச்சிருக்காங்க. எந்த ஆர்டரைப் போடுறதுன்னு தெரியலை.

52 வயசு, பெண், 60 கிலோ. ஏ-காம் (மூளையோட முன்பக்க இணைப்புத் தமனி) அனியூரிசம் (ரத்தக் குழாய்ப் புடைப்பு) வெடிச்சு சப்அரக்னாய்டு ரத்தக்கசிவு (மூளையைச் சுத்தி ரத்தம்). முதல் நாளே காயிலிங் (குழாய் வழியாப் போய்ப் புடைப்பை அடைக்கறது) முடிஞ்சுது. இவிடி (மூளை நீரை வடிக்கிற குழாய்) இருக்கு, ஒரு நாளைக்கு 200 மி.லி. வடியுது. வென்டிலேட்டர் இல்லை, மூக்கு வழியா ஆக்சிஜன் 2 லிட்டர்.

சோடியம் 4ஆம் நாள் 139, நேத்து 133, இன்னிக்குக் காலையில 128. பொட்டாசியம் 3.2. கடைசி 24 மணியில யூரின் 4600 மி.லி. உள்ளே போனது 4400: என்எஸ் (0.9% உப்புக் கரைசல்) மணிக்கு 100 வீதம் 2400, ஆர்டி (மூக்குவழி இரைப்பைக் குழாய்) ஃபீட் 1200, மருந்து கலக்கின என்எஸ் 500, மானிடால் (மூளை வீக்கத்துக்கான மருந்து) 100 மி.லி. மூணு வேளை. ஸ்பாட் யூரின் சோடியம் 148, யூரின் பொட்டாசியம் 30, யூரின் ஆஸ்மோலாலிட்டி 520, சீரம் 274. சர்க்கரை 126, யூரியா 38. ஹீமட்டோக்ரிட் (ரத்தத்துல சிவப்பணுக்களோட சதவீதம்) 31ல இருந்து 35 ஆயிருக்கு. பல்ஸ் 112, எம்ஏபி (சராசரி ரத்த அழுத்தம்) 76. நைமோடிபின் (கசிவுக்குப் பின் மூளையைக் காக்கக் குடுக்கிற மாத்திரை) குடுத்த அரை மணியில 66 வரைக்கும் இறங்குது. நேத்து தானாக் கண்ணைத் திறந்து பேசினவங்க இன்னிக்குக் கூப்பிட்டாத்தான் திறக்கிறாங்க. கை கால் பலம் சரியா இருக்கு.

நெஃப்ராலஜி: எஸ்ஐஏடிஹெச் (ஹார்மோன் கூடி உடம்புல தண்ணி தேங்கறது), 1 லிட்டருக்கு மேல வேண்டாம். நியூரோசர்ஜன்: வேசோஸ்பாசம் (மூளை ரத்தக் குழாய் சுருங்கறது) வர்ற நேரம், என்எஸ் 150 ஆக்குங்க, மானிடால் இருக்கட்டும். மெடிசின்: இவ்வளவு என்எஸ் கிட்னிக்கு ஆகாது, ஆர்எல் (ரிங்கர் லாக்டேட்) போடுங்க.

யார் சொல்றதைக் கேக்கறது? 3% (செறிவான உப்புக் கரைசல்) போடணும்னா எவ்வளவு, எந்த லைன்ல?


நியூரோ_கிரிட்டிகல்:

தண்ணியைக் குறைக்கிற ஆர்டரை மட்டும் போடாதீங்க. மத்ததைப் பொறுமையாப் பேசிக்கலாம். சப்அரக்னாய்டு கசிவுல 4ஆம் நாள்ல இருந்து 14ஆம் நாள் வரைக்கும் தாமத இஸ்கீமியா (மூளைக்கு ரத்தம் பத்தாமப் போறது) வர்ற காலம். சுருங்கி நிக்கிற ரத்தக் குழாய்க்குப் பின்னாடி அழுத்தமும் அளவும் குறைஞ்சா அந்தப் பகுதி இன்ஃபார்க்ட் ஆகும் (செத்துப்போகும்). 1985ல நெதர்லாந்துல இதையே ஆராய்ஞ்சு பார்த்தாங்க. சோடியம் குறைஞ்சதுன்னு தண்ணியைக் கட்டுப்படுத்தின 26 பேர்ல 21 பேருக்கு இன்ஃபார்க்ட் வந்தது. அதுக்கப்புறமும் நம்ம ஊர்ல 'ஹைப்போநட்ரீமியா, ஃப்ளூயிட் ரெஸ்ட்ரிக்ஷன்' கைப்பழக்கமா விழுந்துக்கிட்டுத்தான் இருக்கு.

சிஎஸ்டபிள்யூவா (மூளை பாதிப்பால கிட்னி உப்பை இழக்கறது) எஸ்ஐஏடிஹெச்சா? யூரின் சோடியமும் ஆஸ்மோலாலிட்டியும் ரெண்டிலயும் ஒரே மாதிரிதான் வரும், அதை வச்சுப் பிரிக்க முடியாது. பிரிக்கிறது வால்யூம். பல்ஸ் 112, ஹீமட்டோக்ரிட் ஏறியிருக்கு, நைமோடிபினுக்கு எம்ஏபி சட்டுனு விழுது, பேலன்ஸ் நெகட்டிவ். இவங்க வறண்டு கிடக்கிறாங்க. சிஎஸ்டபிள்யூன்னு வச்சு நடத்துங்க. எஸ்ஐஏடிஹெச்சாவே இருந்தாலும் இந்த வியாதியில, இந்த வாரத்துல வைத்தியம் மாறாது: உப்பு கூடும், தண்ணி குறையாது. டோல்வாப்டானும் (கிட்னி வழியாத் தண்ணியை வெளியேத்தற மாத்திரை) இங்கே வேண்டாம், வறண்டவங்களை இன்னும் வறட்டிடும்.

இப்போ உப்புக் கணக்கு. மி.லி. பேலன்ஸை மட்டும் பார்த்தா ஏமாந்துடுவோம். யூரின் 4.6 லிட்டர் × 148 = 681 மில்லிமோல் சோடியம் வெளியே போயிருக்கு. இவிடி 200 மி.லி.ல சுமார் 30. மொத்தம் 711. உள்ளே வந்தது: என்எஸ் 2.4 லிட்டர்ல 370, மருந்து கலக்கினதுல 77, ஃபீட்ல சுமார் 50. மொத்தம் 497. ஒரே நாள்ல 214 மில்லிமோல் பள்ளம், அதாவது 12 கிராமுக்கு மேல உப்பு. தண்ணிப் பக்கம் சார்ட் படி 400 மி.லி. நெகட்டிவ். தோல், மூச்சு வழியாப் போற 700ஐயும் சேர்த்தா 1100. காய்ச்சல் இருந்தா ஒவ்வொரு டிகிரிக்கும் இன்னும் 10%ன்னு வச்சுக்குங்க.

அதனால நான் போடற ஆர்டர் இப்படி இருக்கும். மந்தம் வந்துட்டதால 3% சலைன் 100 மி.லி. 15 முதல் 20 நிமிஷத்துல. ஒரு மணி கழிச்சு சோடியம் பாருங்க. மந்தம் அப்படியே இருந்து சோடியமும் ஏறலைன்னா இன்னொரு 100. அப்புறம் 3% மணிக்கு 20 மி.லி., இன்ஃப்யூஷன் பம்ப்ல. 24 மணியில அது 246 மில்லிமோல், முதல் 100 மி.லி.ல 51. பள்ளம் நிரம்பி மேல 80 மில்லிமோல் நிக்கும். இவங்க உடம்புத் தண்ணி சுமார் 30 லிட்டர். பொட்டாசியம் திருத்தம், மூச்சு வழித் தண்ணி எல்லாம் சேர்த்தா சோடியம் 4ல இருந்து 6 வரைக்கும் ஏறும்னு கணக்கு சொல்லும். உடம்பு கணக்குப் பார்த்து நடக்காது, அதனால 4 மணிக்கு ஒரு தடவை சோடியம் கட்டாயம். 48 மணிக்குள்ள விழுந்த சோடியம்தான், வேகமா ஏத்தினா டீமைலினேஷன் (மூளை நரம்போட உறை சிதையறது) வர்ற ஆபத்து நாள்பட்டதைவிடக் குறைவு. ஆனா பொட்டாசியம் குறைஞ்சவங்க. 24 மணியில 8ஐத் தாண்டாதீங்க.

என்எஸ் மணிக்கு 100ஐ நிறுத்த வேண்டாம். இதோட ஃப்ளூட்ரோகார்ட்டிசோன் (உப்பை உடம்புல நிறுத்தற மருந்து) 0.1 மி.கி. ரெண்டு வேளை ஆர்டி வழியா இன்னிக்கே ஆரம்பிங்க. வேலை செய்ய ஒண்ணு ரெண்டு நாள் ஆகும், அதனால சோடியம் 125 ஆகுற வரைக்கும் காத்திருந்து ஆரம்பிக்கிறதுல அர்த்தமில்லை. தேவைன்னா 0.2 வரைக்கும் போகலாம். பொட்டாசியத்தை இன்னும் இறக்கும்.

மந்தத்துக்கு 128தான் காரணம்னு முடிவு கட்டிடாதீங்க. 6ஆம் நாள். 3% ஓடும்போதே சிடி எடுங்க. இவிடி அடைச்சு வென்ட்ரிக்கிள் பெருசாயிருக்கலாம். கூடவே சிடி ஆஞ்சியோ, முடிஞ்சா பெர்ஃப்யூஷன். எதுவும் இல்லைன்னா ஈஈஜி. சோடியம் 134க்கு வந்தும் தெளியலைன்னா அந்த 128 மேல பழி போட்டு ஒரு நாளை வீணாக்கியிருப்போம்.

மானிடால்: எதுக்குப் போகுதுன்னு கேளுங்க. சிடியில வீக்கம், மிட்லைன் ஷிஃப்ட் இல்லைன்னா, இவிடி ஒழுங்கா வடியுதுன்னா, இந்த 100 மி.லி. மூணு வேளை வெறும் டையூரெடிக். 300 மி.லி. 20% மானிடால்ல 60 கிராம், சுமார் 330 மில்லிஆஸ்மோல். அது வெளியே போகும்போது கூடவே ஒரு லிட்டர் அளவுக்கு யூரினை இழுத்துக்கிட்டுப் போகும். உள்ளே ஊத்தறதும் நாம, வெளியே இழுக்கறதும் நாம. மூளைக்குள்ளேயே கட்டியா உறையற ரத்தக்கசிவுலகூட இந்தப் பழக்கத்துக்கு ஆதாரம் இல்லை. லக்னோவில 128 பேர்ல நடந்த ஆய்வு, 2005ல வெளியானது, 4 மணிக்கு ஒரு தடவை 100 மி.லி. வீதம் 5 நாள் குடுத்தும் பலன் காட்டலை. அழுத்தம் ஏறினா அதுக்குன்னு ஒரு டோஸ், கிலோவுக்கு 0.5 முதல் 1 கிராம், 15-20 நிமிஷத்துல. இவங்களுக்கு அப்போகூட 3%தான் நல்லது, வால்யூமும் சேரும்.

நியூரோசர்ஜன் தண்ணி வேணும்னு சொல்றது திசையில சரி. ஆனா 'ஏத்துங்க'ன்னு இலக்கு இல்லாம ஊத்தற பழைய ட்ரிபிள் ஹெச் (பிரஷரையும் வால்யூமையும் ஏத்தி ரத்தத்தை நீர்க்க வைக்கிற முறை) காலம் முடிஞ்சுது. கொலம்பியா பல்கலைக்கழகக் குழு 82 பேரை வச்சுச் செஞ்சு 2000ல வெளியிட்ட ஆய்வுல, முன்கூட்டியே வால்யூமை ஏத்தினவங்களுக்கு மூளை ரத்த ஓட்டமும் கூடலை, ஸ்பாசமும் குறையலை. இலக்கு இயல்பான வால்யூம், அதுக்கு மேல இல்லை.


நெஃப்ரோ_வார்டு:

எங்க ஆளு எழுதின 1 லிட்டர் ஆர்டரை நான் காப்பாத்த வரலை. பொது வார்டுல நுரையீரல் கட்டியால வர்ற எஸ்ஐஏடிஹெச்சுக்குச் சொல்றதை இங்கே அப்படியே எழுதிட்டாரு. ஆனா என்எஸ் 150 ஏன் தப்புன்னு யாரும் சொல்லலை.

யூரின் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் கூட்டுங்க: 148 + 30 = 178. என்எஸ்ல இருக்கிறது 154. யூரின் இந்தச் செறிவுலயே போய்க்கிட்டிருந்தா, ஒரு லிட்டர் என்எஸ்ல வந்த 154 மில்லிமோலையும் கிட்னி 865 மி.லி. யூரின்லயே வெளியே தள்ளிடும். மிச்சம் 135 மி.லி. வெறும் தண்ணி உடம்புல நிக்கும். மணிக்கு 150 வச்சா நாளைக்கு 3.6 லிட்டர், அதுல அரை லிட்டர் அளவுக்கு வெறும் தண்ணி. என்எஸ்ஸைக் கூட்டக் கூட்ட சோடியம் இறங்கும், 'இன்னும் பத்தலை போல'ன்னு 200 ஆக்குவாங்க. அந்தக் கூட்டல் 154க்கு மேல இருக்கிற வரைக்கும் என்எஸ் வால்யூமுக்கு மட்டும்தான், சோடியத்தை ஏத்த 3%தான். ஆர்எல்ல சோடியம் 130. கேட்கவே வேண்டாம்.

பொட்டாசியத்தையும் சோடியம் மாதிரியே கணக்குல சேருங்க. 60 மில்லிமோல் பொட்டாசியம் குளோரைடு குடுத்தா இவங்களுக்கு சோடியம் 2 வரைக்கும் ஏறலாம். ரெண்டையும் தனித்தனி ஆளுங்க ஆர்டர் போட்டு, ராத்திரி 12 ஏறி நிக்கிறது இப்படித்தான். மக்னீசியமும் ஒரு தடவை பாருங்க, அது குறைஞ்சிருந்தா பொட்டாசியம் நிக்காது.

சீரம் ஆஸ்மோலாலிட்டி சரியா 274தானா? 2 × 128, கூட சர்க்கரை 126/18 = 7, யூரியா 38/6 = 6. மொத்தம் 269. இடைவெளி 5, அதனால மானிடால் ரத்தத்துல தேங்கலை, இது நிஜமான ஹைப்போநட்ரீமியாதான். சாம்பிளை அடுத்த மானிடாலுக்கு முன்னாடி எடுத்தாங்களான்னு மட்டும் கேட்டுக்குங்க. அந்த யூரின் 148கூட மானிடால் ஓடும்போது எடுத்தது. மானிடாலை நிறுத்தி 12 மணி கழிச்சுத் திரும்ப அனுப்புங்க, கணக்கு மாறும்.


நைட்_டியூட்டி_சிஸ்டர்:

டாக்டர், 4400ன்னு எழுதியிருக்கீங்களே, அது முழுசு இல்லை. ஆர்ட் லைன் (ரத்த அழுத்தம் அளக்கத் தமனியில வைக்கிற குழாய்) பிரஷர் பேக் மணிக்கு 3 மி.லி. போகும், ஒரு நாளைக்கு 72. அதை யாரும் எழுதறதில்லை. நைமோடிபின் மாத்திரையைப் பொடிச்சு ஆர்டில குடுத்து ஒவ்வொரு தடவையும் 30 மி.லி. தண்ணி தள்ளுவோம். 6 தடவை 180. மத்த மாத்திரைங்க, ஃபீடுக்கு முன்னாடி பின்னாடி கழுவுற தண்ணி எல்லாம் சேர்ந்தா சில பேருக்கு நாளைக்கு 500ஐத் தாண்டும். எல்லாமே சோடியம் இல்லாத பச்சைத் தண்ணி. அளந்து ஊத்துங்க, சார்ட்ல தனியா 'ஆர்டி தண்ணி'ன்னு ஒரு பத்தி போடுங்க.

கேத் லேப்ல இருந்து வர்றவங்களுக்கு இன்னொண்ணு. காயிலிங் போது காத்தீட்டர் வழியா ஹெப்பாரின் சலைன் பிரஷர்ல ஓடிக்கிட்டே இருக்கும், லிட்டர் கணக்குல போயிருக்கும். மேல கான்ட்ராஸ்ட் வேற. ஐசியூ சார்ட் பூஜ்யத்துல ஆரம்பிக்கும். வந்த முதல் 6 மணியில யூரின் ஒண்ணரை லிட்டர் கொட்டினதும் போன் மேல போன் பண்ணுவாங்க. அது பெரும்பாலும் உள்ளே போனது வெளியே வர்றதுதான். ஹேண்ட்ஓவர்ல ஃப்ளஷ் எத்தனை பாட்டில்னு கேட்டு வாங்கிட்டா அந்த போன் பாதி குறையும்.

யூரின் சாதாரண பேக்ல வேண்டாம், யூரோமீட்டர் வச்சு மணிக்கு மணி எழுதணும். 'ஷிஃப்டுக்கு 1500'ன்னு எழுதினா எந்த மணியில ஏறிச்சுன்னே தெரியாது. படுக்கையைத் தூக்கும்போதும், ஆளைத் திருப்பும்போதும் இவிடியை கிளாம்ப் பண்ணிட்டு, காது டிராகஸ் லெவலை மறுபடி பார்த்துட்டுத் திறக்கணும். மறந்தா 10 நிமிஷத்துல 30-40 மி.லி. வடிஞ்சுடும், அதையும் அவுட்புட்ல பார்த்துட்டு 'இன்னிக்கு நல்லா வடியுது'ன்னு எழுதிடுவாங்க.


பிஜி_அனஸ்தீசியா:

ரொம்ப நன்றி சார், சிஸ்டர். ஆர்டி தண்ணியைக் கூட்டிப் பார்த்தேன், 420 வருது. மானிடாலை நிறுத்தச் சொல்லி நியூரோசர்ஜன்கிட்ட பேசிட்டேன், சிடியைப் பார்த்துட்டு ஒத்துக்கிட்டார். வென்ட்ரிக்கிள் பழையபடியே இருக்கு, ஆஞ்சியோவுல லேசான ஸ்பாசம். 3% 100 மி.லி. போயாச்சு, ஒரு மணி கழிச்சு 130.

சென்ட்ரல் லைன் இல்லை. கையில 18 ஜி ஊசிக்குழாய் ரெண்டு இருக்கு. 3% அதுலயே ஓட்டலாமா? உப்பு மாத்திரை இல்லை, ஆர்டில சமையல் உப்பு கலந்து குடுக்கலாமா? நைமோடிபினுக்கு எம்ஏபி விழறதுக்கு என்ன பண்றது?


மருந்தக_மேசை:

3% சலைனின் ஆஸ்மோலாரிட்டி சுமார் 1027. முன்கையில் பெரிய சிரையில் இருக்கும் 18 ஜி போதும். மணிக்கு 20-30 மி.லி. வேகத்தில் ஓரிரு நாள் ஓட்டலாம். புறங்கை, மணிக்கட்டு வேண்டாம். மணிக்கொரு முறை இடத்தைத் தொட்டுப் பாருங்கள், சிவந்தாலோ தடித்தாலோ உடனே மாற்றுங்கள். அந்த லைனில் வேறு மருந்து தள்ளக் கூடாது. லைனுக்குள் நிற்கும் 3% ஒரே தள்ளில் உள்ளே போய்விடும். 23.4% சலைன் என்றால் பேச்சே இல்லை, சென்ட்ரல் லைனில் மட்டுமே, அதுவும் மூளை பிதுங்கும் அவசரத்துக்கு 30 மி.லி.

சமையல் உப்பு தாராளமாகப் போகலாம். 1 கிராமில் 17 மில்லிமோல். 3 கிராம் வீதம் 4 வேளை கொடுத்தால் நாளைக்கு 205, மேலே டாக்டர் சொன்ன பள்ளத்துக்குக் கிட்டத்தட்ட சமம். ஆனால் ஸ்பூன் அளவு வேண்டாம். தலைதட்டிய டீஸ்பூனும் கோபுரமாக அள்ளிய டீஸ்பூனும் ஒன்றல்ல, கல் உப்பும் தூள் உப்பும் ஒன்றல்ல. மருந்தகத்தில் 3 கிராம் பொட்டலமாக எடை போட்டு வாங்குங்கள். கொஞ்சத் தண்ணீரில் கெட்டியாகக் கரைத்து ஊற்றினால் வாந்தி, வயிற்றுப்போக்கு. 200 மி.லி. ஃபீடில் கலந்து மெதுவாகக் கொடுங்கள். வயிற்றுப்போக்கு ஆரம்பித்துவிட்டால் இருக்கும் சோடியமும் அந்த வழியே போகும், அப்போது நிறுத்திவிடுங்கள். 3% ஓடும் முதல் நாளிலேயே இதையும் சேர்த்தால் 24 மணி வரம்பைத் தாண்டும். 3%-ஐக் குறைக்கத் தொடங்கும்போது இதைக் கூட்டுவதே முறை.

பொட்டாசியத்துக்கு 10% சிரப் 15 மி.லி.யில் 20 மில்லிமோல் இருக்கிறது. மூன்று வேளை தண்ணீரில் கலந்து ஆர்டி வழியாக. சிரிஞ்சில் எடுத்துக் கையில் வைத்திருக்கும்போது பெயர் எழுதுங்கள். நைமோடிபினுக்கும் இதுவே: பொடித்துக் கரைத்ததை ஆர்டிக்கான ஊதா சிரிஞ்சில் மட்டும் எடுங்கள். சாதாரண ஊசி சிரிஞ்சில் எடுத்து ஐவி லைனில் தள்ளிவிட்டு உயிர் போன சம்பவங்கள் உலகெங்கும் பதிவாகியிருக்கின்றன. வெளிச்சத்தில் கெடும், கரைத்தவுடன் கொடுங்கள். ஃபெனிட்டாயின் போகிறதா என்றும் பாருங்கள், அது நைமோடிபின் அளவை வெகுவாக இறக்கிவிடும்.

ஐவி நைமோடிபின் பயன்படுத்தும் இடங்களுக்கு: 50 மி.லி.யில் 10 மி.கி. மணிக்கு 2 மி.கி. என்றால் 10 மி.லி., நாளைக்கு 240 மி.லி., அதனுடன் இணையாக ஓட்டவேண்டிய திரவம் ஏறக்குறைய ஒரு லிட்டர். அந்த லிட்டரை 5% டெக்ஸ்ட்ரோஸாக வைத்துவிட்டு சோடியம் ஏன் இறங்குகிறது என்று தேடுவார்கள். பிவிசி ட்யூபில் மருந்து ஒட்டிக்கொள்ளும், பாலியெத்திலீன் ட்யூப் வேண்டும். கரைசலில் ஆல்கஹாலும் கணிசமாக இருக்கிறது.

கடைசியாக, ஆன்டிபயாட்டிக் கலக்கும் திரவத்தைப் பாருங்கள். 100 மி.லி. டெக்ஸ்ட்ரோஸ் பாட்டில் நாளைக்கு ஐந்தாறு போனால் அரை லிட்டர் தண்ணீர். என்எஸ்ஸில் கலக்கக்கூடிய மருந்துகளை என்எஸ்ஸுக்கு மாற்றுங்கள்.


நியூரோ_கிரிட்டிகல்:

நைமோடிபினை நிறுத்தாதீங்க. 21 நாள் குடுக்க வேண்டிய மருந்து, இந்த வியாதியில பலன் நிரூபணமான சிலதுல ஒண்ணு. 60 மி.கி. 4 மணிக்கு ஒரு தடவைங்கிறதை 30 மி.கி. 2 மணிக்கு ஒரு தடவைன்னு பிரிங்க. வால்யூம் நிரம்பினதும் பாதிப் பள்ளம் தானா சரியாகும். அப்பவும் விழுந்தா நார்அட்ரினலின். 50 மி.லி.ல 4 மி.கி. கலந்தா, 60 கிலோவுக்கு நிமிஷத்துக்கு கிலோவுக்கு 0.05 மைக்ரோகிராம்ங்கிறது மணிக்கு 2.25 மி.லி. ஒவ்வொரு சரிவுக்கும் 500 மி.லி. ஊத்தற வழக்கத்தை விடுங்க, நாளைக்கு 6 டோஸ், 3 லிட்டர் ஆயிடும்.

ஆஞ்சியோவுல லேசான ஸ்பாசம் தெரியுதுங்கிறதுக்காக பிரஷரை ஏத்த வேண்டாம். புதுசா பலவீனம், பேச்சுத் தடுமாற்றம், விளக்க முடியாத மந்தம் வந்தா ஏத்துங்க. அனியூரிசம் அடைச்சாச்சு, அதனால ஏத்தலாம். எம்ஏபியை 10-10ஆ ஏத்தி, ஒவ்வொரு படியிலயும் ஆளைப் பரிசோதிச்சு, தெளிஞ்ச இடத்துல நிறுத்துங்க. இதுக்கான ஆதாரமும் மெலிசுதான். நெதர்லாந்துல செஞ்ச ஹிமாலயா ஆய்வு, 2018ல வெளிவந்தது, 41 பேரோட நின்னுபோச்சு. பலன் தெரியலை, கடுமையான பக்கவிளைவு கூடுதலா இருந்தது. அதனால தெளிவு வரலைன்னா 200 வரைக்கும் துரத்திக்கிட்டே போகாதீங்க, ஆஞ்சியோ ரூமுக்குச் சொல்லுங்க.


எக்கோ_ப்ரோப்:

'வறண்டு கிடக்கிறாங்க'ங்கிறதோட எனக்குச் சண்டை இல்லை. ஆனா பல்ஸ் 112, எம்ஏபி 76ங்கிறது டாகோட்சுபோவுலயும் (அதிர்ச்சியால இதயத் தசை தற்காலிகமா பலவீனமாகறது) இப்படியே இருக்கும். சப்அரக்னாய்டு கசிவுல அட்ரினலின் கொட்டி இதயம் மயங்கிப்போறது அபூர்வம் இல்லை, ட்ரோபோனின் ஏறும், ஈசிஜில டி தலைகீழாகும். இஎஃப் (இதயம் ஒரு துடிப்புல வெளியேத்தற ரத்த சதவீதம்) 30 இருக்கிறவங்களுக்கு 3% வேகமா ஏத்தினா நுரையீரல் நிரம்பும். ஒரு தடவை எக்கோ ப்ரோப் வைக்காம போலஸ் குடுக்காதீங்க.

சிவிபி (மத்திய சிரை அழுத்தம்) போட்டு 8, 10ன்னு துரத்தறதை விட்டுடுங்க. பல்ஸ் பிரஷர் வேரியேஷனும் இவங்களுக்கு ஆகாது, தானா மூச்சு விடறாங்க. கால் தூக்கிப் பார்க்கிற சோதனையில தலை 30 டிகிரியில இருந்து தரைமட்டத்துக்கு இறங்கும், இவிடி லெவலும் குழம்பும். எனக்குப் பிடிச்சது சின்ன சோதனை: ஏபிகல் 5 சேம்பர் வியூல எல்விஓடி விடிஐ (ஒரு துடிப்புல இதயம் வெளியே தள்ற ரத்தத்தோட அளவுகோல்) எடுங்க, மூணு நாலு பீட்டோட சராசரி. 100 மி.லி. என்எஸ்ஸை 1 நிமிஷத்துல கையால தள்ளுங்க. திரும்ப எடுங்க. 10%க்கு மேல கூடினா இன்னும் 250 குடுக்கலாம். கூடலைன்னா தண்ணி போதும், நார்அட்ரினலின் பக்கம் போங்க. ப்ரோப்பை ஒரே இடத்துல, ஒரே கோணத்துல வைக்கணும், கை கொஞ்சம் சாய்ஞ்சாலே அந்த 10% பொய்யாயிடும். நுரையீரல்ல ரெண்டு பக்கமும் பி லைன் (நுரையீரல்ல நீர் கோத்ததைக் காட்டற கோடு) நிறைய தெரிஞ்சா, விடிஐ என்ன சொன்னாலும் நிறுத்துங்க.

ஆர்எல் பத்தி ஒரு வரி. பாட்டில்ல 273ன்னு போட்டிருந்தாலும் லேப்ல அளந்தா 255 கிட்டத்தான் வரும், மூளைக்கு அது தண்ணி. சமச்சீர் திரவம் வேணும்னா பிளாஸ்மாலைட் 294, அதைப் பத்தியே தலைக்காயக்காரங்க விஷயத்துல பிரேசில்ல நடந்த பேசிக்ஸ் ஆய்வு (2021) உறுத்தற ஒரு முடிவைக் காட்டியிருக்கு: 90 நாள் இறப்பு பிளாஸ்மாலைட்ல 31%, சலைன்ல 21%. தலைக்காயமும் ரத்தக்கசிவும் ஒண்ணு இல்லைதான். குளோரைடு 115ஐத் தாண்டி பிஹெச் 7.25க்கு வந்தா நானும் கொஞ்சம் பிளாஸ்மாலைட் கலப்பேன், அதுக்கு முன்னாடி இல்லை. ஆல்புமின், ஸ்டார்ச் ரெண்டும் வேண்டாம்.


ஹவுஸ்_சர்ஜன்_1:

குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும். இதே ஏ-காம், கிளிப்பிங் முடிஞ்சு 2ஆம் நாள், யூரின் மணிக்கு 450, சோடியம் 152. இதுவும் சிஎஸ்டபிள்யூவா?


நெஃப்ரோ_வார்டு:

இல்லை, இது எதிர்ப்பக்கம். சிஎஸ்டபிள்யூவுல சோடியம் இறங்கும். யூரின் ஏறி சோடியமும் ஏறினா டயாபெட்டிஸ் இன்சிபிடஸைத் (ஹார்மோன் குறைஞ்சு கிட்னி தண்ணியா விடற வியாதி) தேடுங்க. ஏ-காம் பக்கத்துல கை வச்சா ஹைப்போதலாமஸுக்குப் போற சின்னக் குழாய்ங்க அடிபடும், அதனால ரெண்டுமே இந்த இடத்துல வரும், சில சமயம் ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணு.

ரெண்டு மணி தொடர்ச்சியா 250க்கு மேல போனா யூரின், சீரம் ரெண்டையும் ஒரே நேரத்துல அனுப்புங்க. யூரின் ஆஸ்மோலாலிட்டி 300க்குக் கீழே, பெரும்பாலும் 200க்கும் கீழே, ஸ்பெசிஃபிக் கிராவிட்டி 1.005க்குக் கீழே, சீரம் 300க்கு மேல இருந்தா முடிவு. மானிடால், கான்ட்ராஸ்ட், சர்க்கரை 300 மூணும் இல்லைன்னு உறுதிப்படுத்துங்க. கண்மணி விரிஞ்சு இருமல், மூச்சு எதுவும் இல்லைன்னா அது வேற விஷயம் (மூளைச் சாவா இருக்கலாம்), சீனியரைக் கூப்பிடுங்க.

டெஸ்மோபிரசின் (குறைஞ்ச ஹார்மோனுக்குப் பதில் குடுக்கிற மருந்து) 1 மைக்ரோகிராம் ஐவி. யூரின் 100க்குக் கீழே வருதான்னு 2-3 மணி பாருங்க, திரும்ப 250ஐத் தாண்டினாத்தான் அடுத்த டோஸ். கடிகாரத்தைப் பார்த்து 12 மணிக்கு ஒரு தடவைன்னு எழுதாதீங்க. தண்ணிப் பள்ளம்: பெண், 60 கிலோன்னா 30 × (152/140 - 1), சுமார் 2.6 லிட்டர். இதை ஆர்டி வழியா பச்சைத் தண்ணியா, 48 மணியில பிரிச்சுக் குடுங்க. சோடியம் நாளைக்கு 10க்கு மேல இறங்கக் கூடாது, வேகமா இறங்கினா மூளை வீங்கும்.

ஆர்டி தண்ணி ஆர்டர்ல நிறுத்தற அளவையும் சேர்த்தே எழுதுங்க: 'யூரின் மணிக்கு 100க்குக் கீழே வந்தா தண்ணி நிறுத்து, சோடியம் அனுப்பு.' டெஸ்மோபிரசின் பிடிச்சதுக்கு அப்புறம் அந்தத் தண்ணி மொத்தமும் உடம்புலயே நிக்கும், காலையில பார்த்தா 134. நாலஞ்சு நாள் கழிச்சு இன்சிபிடஸ் தானாவே எஸ்ஐஏடிஹெச்சா மாறறதும் உண்டு. அப்போ யூரின் குறைஞ்சதைப் பார்த்து என்எஸ்ஸைக் கூட்டறதுக்கு முன்னாடி யூரின் சோடியமும் பொட்டாசியமும் அனுப்பிடுங்க.


பிஜி_அனஸ்தீசியா:

எக்கோ பார்த்தாச்சு, இஎஃப் 60, விடிஐ 100 மி.லி.க்கு 14% கூடிச்சு, அதனால 250 குடுத்தோம். 3% 20லயே ஓடுது, 8 மணி கழிச்சு சோடியம் 132, பல்ஸ் 94, தானாக் கண் திறக்கிறாங்க. 3%-ஐ எப்போ, எப்படி இறக்கறது?


நியூரோ_கிரிட்டிகல்:

8 மணியில 4 ஏறியாச்சு, அதனால இப்போவே 10 ஆக்குங்க. மானிடால் நின்னதும் வால்யூம் நிரம்பினதும் சேர்ந்து, கிட்னி திடீர்னு தண்ணியா விட ஆரம்பிக்கும், அப்போதான் சோடியம் பறக்கும். யூரின் மணிக்கு 300க்கு மேல போயி ஆஸ்மோலாலிட்டி 200க்குக் கீழே விழுந்தா 3%-ஐ நிறுத்திட்டு உடனே சோடியம் அனுப்புங்க. இன்னிக்கே 136ஐப் பிடிக்கணும்னு இல்லை, நாளைக்கு 136, நாளன்னிக்கு 138ன்னா போதும். ரெண்டு தொடர் சாம்பிள் 138ல நின்னா 3% முழுசா நிறுத்தி, அதே நாள்ல ஆர்டி உப்பு 3 கிராம் மூணு வேளை. ஃப்ளூட்ரோகார்ட்டிசோன் 14ஆம் நாள் வரைக்கும் போகட்டும், பொட்டாசியம் தினமும். நிறுத்தின பிறகு 6 மணிக்கு ஒரு சோடியம், ரெண்டு நாள். பெரும்பாலும் திரும்ப விழறது அந்த ரெண்டு நாள்லதான், அதுவும் வார்டுக்கு மாத்தி உப்பு ஆர்டர் கார்டுல விட்டுப்போன அன்னிக்கு.